வெயில்தான் என்று நீர் சொன்னீர்

இன்று மத்தியானம் மின்சாரம் நின்றுவிட்டது. மின்விசிறி சோர்ந்து சோர்ந்து சுழன்று ஓய்ந்ததும் வீட்டுக்குள் இருந்த கொஞ்சக் காற்றும் இல்லாமல் போயிற்று. குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய சாக்கொன்றை எடுத்துக் கிணற்றடியில் நனைத்து, மேற்குப் பக்க யன்னலில் கட்டினேன். வெயில் பட்டதும் அதிலிருந்து மணம் கிளம்பியது. ஈரச் சணலும் தூசியும் பூஞ்சணமும் கலந்த மந்தமான மணம். வேறு யாரும் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். நான் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நெடுந்தீவில் நாம் இருந்த வீடு அப்படியே கண்முன் வந்தது. நீரும் வந்தீர், கையில் வாளியோடு, முகத்தில் கோபத்தோடு.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி சிணுங்கியது. வெப்ப எச்சரிக்கை. வெளியில் வேலை செய்வதைத் தவிர்க்கவும், நிழலில் இளைப்பாறவும், தண்ணீர் நிறையக் குடிக்கவும், முதியோரையும் சிறுவரையும் கவனிக்கவும். இடையிடையே எழுத்துப் பிழை வேறு. வாசித்ததும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தேன். இந்தச் சில வரிகளைச் சொல்வதற்காகத்தானே நீர் அந்தத் தீவில் வாசல் வாசலாக ஏறி இறங்கினீர்? அன்று உம்மை விசரி என்றார்கள். இன்று அதே வரிகள் அரசாங்க அறிவித்தலாகி எல்லோருடைய சட்டைப்பைக்குள்ளும் வந்து விழுகின்றன. வாசிக்கத்தான் ஆளில்லை.

நாம் முதலில் சந்தித்தது படகில். கொடிகாமத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் பழக்கமில்லை. நெடுந்தீவுக் கந்தோருக்கு எழுதுவினைஞராக மாற்றலாகி, அழுதுகொண்டு ஏறிய முதற் பயணம். பாதிக் கடலில் சத்தி எடுக்கத் தொடங்கினேன். மேல்தட்டுக்குப் போனால் காற்றுப் படும், சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழும்பப் பார்த்தபோது ஒரு கை என் தோளைப் பிடித்து அமத்தியது.

"மேல போகாதையும். மேல வெயில். உள்ளுக்க இருந்து சத்தி எடும், நான் பிடிக்கிறன்."

அதுதான் நீர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஒரு பையை விரித்து என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, மறுகையால் என் நெற்றியைத் தாங்கினீர். கரம்பொன்னில் பிறந்த உமக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக வந்து ஏற்கெனவே ஒரு கோடையைக் கண்டிருந்தீர். படகு கரை தட்டுவதற்குள் நான் எங்கே தங்குவது என்பதையும் நீரே தீர்மானித்துவிட்டீர். உமது குவாட்டேர்ஸில் ஓர் அறை வெறுமையாக இருந்தது.

அந்த வீட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் கூரை. தீவுச் சனம் தங்கள் வீடுகளுக்குப் பனையோலை வேய்ந்து, தாழ்வாரத்தை நன்றாக இறக்கி, உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தார்கள். அரசாங்கம் தன் உத்தியோகத்தருக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஒரு சூளையைக் கட்டிக் கொடுத்திருந்தது. பங்குனி பிறந்தால் காலையிலேயே கூரை சூடேறி முறுகும் சத்தம் கேட்கும். சுற்றிவரப் பவளப்பாறை முருகைக்கல் நிலம், முருகைக்கல் வேலி. வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் அடிக்கும். காண்டாவனம் என்கிற கடுங்கோடை தொடங்கி, தென்மேற்கிலிருந்து வரவேண்டிய சோழகக் காற்று எழும்பாமல் ஓர் இலைகூட ஆடாத அந்த நாட்களில் எனக்குச் சாப்பிடவும் மனம் வராது, கதைக்கவும் மனம் வராது. நீர் ஓயமாட்டீர். ஆஸ்பத்திரிக்கு அரிசி வந்த சாக்குகளைச் சேர்த்து வைத்து, உவர்க் கிணற்றில் நனைத்து யன்னல்களில் கட்டுவீர். காய்ந்ததும் சாக்கில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். உதறிவிட்டுத் திரும்பவும் நனைப்பீர்.

உம்மோடு ஒரு வீட்டில் இருப்பது இலேசான காரியம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மத்தியானத்தில் தண்ணீருக்குப் போகிற பெண்களைத் தெருவில் மறித்து ஏசுவீர். மாட்டை வெயிலில் கட்டியவனின் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிப்பீர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியில் நிற்க வைத்துப் பிரார்த்தனை நடத்திய அதிபரை, பிரார்த்தனை முடியும் மட்டும்கூடப் பொறுக்காமல், நடுவில் புகுந்து கேள்வி கேட்டீர். தாதியரை அங்கே மிஸ்ஸி என்பார்கள்; உமக்கு "வெயில் மிஸ்ஸி" என்று பட்டம் வைத்தார்கள். அது உமக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஏனப்பா ஊரோட கொழுவுறீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வருசத்துக்கு வருசம் கூடுது. ஆஸ்பத்திரிக்கு வாற சனத்தைப் பாக்கிறன். முந்திக் கிழடுகட்டையள்தான் மயங்கி விழுந்ததுகள். இப்ப வேலை செய்யிற ஆக்கள் விழுகினம். இதைச் சொன்னா, 'மிஸ்ஸிக்கு வயசு போகுது, அதுதான் வெயில் கூடத் தெரியுது' எண்டு சிரிக்கினம்."

சொல்லிவிட்டு நீரும் சிரித்தீர். அதில் சந்தோசம் இல்லை.

உமது பெரிய சண்டை இறங்குதுறையைப் பற்றியது. போர்க்காலம். படகு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் இல்லை என்பார்கள், கடலில் பிரச்சினை என்பார்கள். காலையில் வந்த சனம் பின்னேரம் வரை நிற்கும். பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தைக்காரி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி எல்லோரும் அந்த வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். துறையில் ஒரு மரம் இல்லை. முன்பு இருந்த கொட்டகையும் சூறாவளியோடு போய்விட்டிருந்தது. கண்ணைக் கூச வைக்கும் கொங்கிறீற்றுத் தளம் ஒன்றுதான் மிச்சம். அங்கே ஒரு பந்தல் வேண்டும் என்று நீர் எங்கள் கந்தோருக்கு வந்தீர். மேலதிகாரி நல்ல மனிதர். நனைத்த கைலேஞ்சியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் உம்மோடு பேசினார்.

"மிஸ்ஸி, வெயிலில நிக்கிறது எங்கட சனத்துக்குப் புதிசே? பரம்பரை பரம்பரையா நிண்டதுதானே."

"இது அந்த வெயில் இல்லை சேர். அந்த நேரம் படகு நேரத்துக்கு வந்தது. வந்தோண்ண ஏறிப் போச்சினம். இப்ப நாள் முழுக்க நிக்கினம்."

"நாட்டில சனம் குண்டுக்குச் சாகுது. நீங்கள் வெயிலுக்குப் பந்தல் கேக்கிறியள்."

"குண்டை மறிக்க என்னால ஏலாது சேர். வெயிலை மறிக்கலாம். நாலு கப்புத் தடியும் கொஞ்ச ஓலையும் காணும்."

அவர் சிரித்தார். "பாப்பம்" என்றார்.

அந்தப் "பாப்பம்" என்ற சொல்லை நான் அந்தக் கந்தோரில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! மறுத்துவிட்டார் என்றால் எதிர்த்து நிற்கலாம். பாப்பம் என்று சொன்னவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நீர் வாரம் தவறாமல் வந்தீர். அவரும் வாரம் தவறாமல் பாப்பம் என்றார். நான் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு பல்லைக் கடிப்பேன்.

அந்த வருடம் சோழகம் பிந்தியது. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. சங்கக்கடைக்கு நிவாரண அரிசி வந்த நாள். மூட்டைகளைச் சரிபார்க்கக் கந்தோரிலிருந்து என்னைத் துறைக்கு அனுப்பியிருந்தார்கள். சூசைமுத்துவும் வேறு சில ஆட்களும் படகிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உமக்கு அவரைத் தெரியும். நல்ல கட்டான உடம்பு, முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார், மாடு வைத்திருந்தார், மூட்டை வந்தால் மூட்டை தூக்குவார். மூன்று பேர் இழுக்கிற சுமையை ஒருவராகத் தூக்கிப் போய் வைத்துவிட்டு மற்றவர்களைப் பகிடி பண்ணுவார்.

உச்சிவேளை. ஒரு மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கில் வைக்காமல் வெறும் தளத்தில் போட்டார். பிறகு கடலைப் பார்த்து நடந்தார். "மாடு தண்ணிக்க இறங்குது, மறியுங்கோ" என்று கத்தினார். அங்கே மாடு ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"காலமையே கள்ளு ஏத்திப்போட்டார் போல கிடக்கு."

"விடு, கொஞ்ச நேரம் படுத்தா இறங்கும்."

அவர் உட்கார்ந்தார். பிறகு அந்தக் கொங்கிறீற்றிலேயே சரிந்து படுத்தார். படுத்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மூட்டை தூக்கினார்கள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கிட்டப் போய்க் கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போல இருந்தது. உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வேர்வை நின்றுவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நீர் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்! சைக்கிளில் வந்த ஒருவரை உம்மிடம் அனுப்பினேன்.

நீர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நின்றபடி வந்தீர். காலடியில் சாக்குக் கும்பலும் தண்ணீர் நிறைந்த தகரங்களும். வண்டி நிற்கும் முன்பே குதித்தீர்.

"ஆர் இவரை இதில கிடத்தினது? நிழலுக்குத் தூக்குங்கோ!"

யாரோ ஒருவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எந்த நிழலுக்கு மிஸ்ஸி?"

நீர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தீர். உழவு இயந்திரப் பெட்டியின் கீழே கொஞ்சம் நிழல் கிடந்தது. அதற்குள்தான் அவரை இழுத்தோம். நீரும் சில்லுகளுக்கு நடுவே ஊர்ந்து போனீர். சாக்கை நனைத்துப் போர்த்தினீர், தண்ணீரை ஊற்றினீர், தகர மூடியால் விசிறினீர். தகரத்துத் தண்ணீரும் சுட்டது. படகுக்கு நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை விரித்துப் பெட்டியைச் சுற்றிப் பிடித்தார்கள். சிரித்த ஆட்களே இப்போது கடலிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்தார்கள். ஐஸ் வேண்டும் என்று நீர் கத்தினீர். அந்தத் தீவில் ஐஸுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இருந்த சேலைனை ஏற்றி, கடைசிச் சாக்கு வரைக்கும் நனைத்துப் போட்டும் பின்னேரம் அவர் செத்துப்போனார். அவரின் மனைவி திரேசா தலைமாட்டில் நின்றாள். உமது உடுப்பெல்லாம் நனைந்து, முழங்கை இரண்டும் தேய்ந்து இரத்தமாக இருந்தன.

அடுத்த நாள் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். நானும் சாட்சியாகப் போயிருந்தேன்.

"நெஞ்சு நோகுது எண்டு சொன்னவரோ?"

"இல்லை," என்றீர். "வெயில்தான். வேர்வை நிண்டு, உடம்பு கொதிச்சு, மூளை குழம்பிச் செத்தவர். அப்பிடியே போடுங்கோ."

"வாயில கள்ளு மணம்?"

"நான்தான் வாயைத் துடைச்சு விட்டனான். மணக்கேல்லை. வெயில் எண்டு போடுங்கோ."

அவர் பேனாவை மூடினார். "மிஸ்ஸி, வெயிலைக் கூப்பிட்டு விசாரிக்க என்னால ஏலாது. ஆர் செத்தாலும் கடைசியில இதயம் நிண்டுதானே சாகினம்? மாரடைப்பு எண்டு போடுறன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையாம்! நீர் மேலே பேசினீர், குரலை உயர்த்தினீர், மேசையில் தட்டினீர். அவர் எழும்பிப் படகுக்குப் போய்விட்டார். படகு அவருக்காக நேரத்துக்கு நின்றது.

செத்தவீட்டில்தான் உண்மையான கரைச்சல் தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதியதை ஊர் நம்பவில்லை. இந்த வயதில், இந்த உடம்பில், மாரடைப்பா? குடித்துவிட்டு விழுந்தவரை மூடி மறைக்கிறார்கள் என்று முற்றத்தில் குசுகுசுத்தார்கள். அது திரேசாவின் காதுக்கும் போய்விட்டது. நீர் உள்ளே போனபோது அவள் உமது கையைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, என்னட்ட மறைக்காதேங்கோ. அவர் குடிச்சிருந்தவரோ?"

எட்டு வருடம் அவரோடு வாழ்ந்தவள். அவர் குடிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். உமது முகம் மாறியதை நான் பார்த்தேன். மெதுவாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். நீர் வாசலுக்கு வந்து, முற்றத்தில் இருந்த அத்தனை ஆண்களையும் பார்த்துக்கொண்டு சொன்னீர்.

"ஒரு சொட்டும் குடிக்கேல்லை. உங்களுக்கெல்லாம் வந்த அரிசியை வெயிலில நிண்டு சுமந்து செத்தவர். வெயில்தான் கொண்டது. இனி ஆரும் வேற கதை கதைச்சா என்னட்ட வந்து கதையுங்கோ."

பிரேதத்துக்கு முன்னால் அப்படிக் கத்துவதா என்று பிறகு குறை சொன்னார்கள். குசுகுசுப்பு நின்றது.

ஒரு மனிதன் செத்த பிறகாவது பந்தல் வரும் என்று நான் நம்பினேன். மேலதிகாரி கவலைப்பட்டார், உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு "பாப்பம்" என்றார். அன்று நீர் எழும்பி வந்தீர். அடுத்த நாளே ஓலை கேட்டு வீடு வீடாக இறங்கினீர். முதல் ஓலை கொடுத்தது திரேசா. தன் வேலிக்கு வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளும் உம்மோடு நடந்தாள். அவள் வாசலில் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூட்டை தூக்கிய ஆட்கள் கப்பு நட்டார்கள். பந்தல் எழும்பியது. அதன் கீழே பிள்ளைகள் படுத்து உறங்கியதையும், கிழவிகள் வெற்றிலை போட்டதையும் நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பெண் உம்மிடம் வந்து, "இதை முந்தியே போட்டிருக்கலாமே மிஸ்ஸி" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நீர் திரும்பி விறுவிறுவென்று நடந்தீர். உம்மைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

பிறகு சோழகம் வந்தது. பிந்தி வந்தது, அடித்துக்கொண்டு வந்தது. பந்தலின் ஓலை ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் விழுந்தது. "பாத்தியளோ, நான் அப்பவே நினைச்சனான்" என்றார் மேலதிகாரி. திரும்ப வேய்வோம் என்று நீர் கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: காற்று வந்திட்டுது, இனி வெயில் குறையும்தானே.

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இதுதான். வெள்ளம் வந்தால் சுவரில் கறை நிற்கும். சூறாவளி வந்தால் முறிந்த பனை நிற்கும். குண்டு விழுந்தால் குழி இருக்கும். வெயில் போனால் ஒன்றும் இருக்காது. ஒரு குளிர்ந்த காற்று வீசியதும் சனம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. செத்தவரின் மரணப் பத்திரத்திலும் வேறு காரணம் எழுதிவிட்டார்கள் என்றால், அந்த வெயில் அடிக்கவே இல்லை என்றுதான் ஆகும். அடுத்த வருடம் நீர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினீர். பந்தல் முன்பைவிடச் சிறிதாக எழும்பியது. அதற்கடுத்த வருடம் துறைப்பக்கம் போகவே சனம் பயந்தது. போர் எல்லாவற்றையும் தின்றது. நான் கொடிகாமத்துக்கு வந்தேன். நீர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்.

கடைசியாக உம்மைக் கண்டது தொண்ணூற்றைந்தில், யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த நாட்களில். இடம்பெயர்ந்து வரும் உறவுகளைத் தேடி நான் நாவற்குழிப் பாலத்தடியில் நின்றேன். கொட்டும் மழை. நகர முடியாத சனம். ஒரு கிழவரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நீர் வந்தீர். தலை முதல் கால் வரை தண்ணீர் வடிந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பீர் என்று நினைத்தேன்.

"இவ்வளவு சனமும் சித்திரையில வெளிக்கிட்டிருந்தா என்ன கதி? வெயில் இல்லாதது பெரிய காரியம் பிள்ளை," என்றீர். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு உமது பெறாமகன், தங்கையின் பிள்ளை, உம்மைப் பாரிஸுக்கு எடுத்துக்கொண்டான். ஒரே குளிர், குதிக்கால் வெடிக்கிறது என்று தொலைபேசியில் முறைப்பட்டீர். இனியாவது வெயிலைப் பற்றிக் கதைக்க உமக்கு வேலை இல்லை என்று நான் பகிடி விட்டேன். மாடிக் கட்டடத்தின் உச்சியில், தகரக் கூரைக்கு நேர் கீழே உமது அறை என்று அப்போது நீர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் குளிர் தேசத்தில் அது ஒரு விடயம் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டாயிரத்து மூன்றின் கோடையில் பெறாமகன் அங்கிருந்து தொலைபேசி எடுத்தான். விக்கி விக்கிச் சொன்னான்.

"அன்ரி, இஞ்ச சரியான வெக்கை. பக்கத்து அறையில தனிய ஒரு பிரெஞ்சுக் கிழவி. பெரியம்மாவுக்கு அந்தப் பாசை ஒரு சொல்லுத் தெரியாது. அந்த மனுசியைப் போய்ப் பாத்திருக்கிறா. உடம்பில வேர்வை இல்லை எண்டு என்னட்டச் சொன்னவா. நாள் முழுக்கக் கட்டில் விரிப்பை நனைச்சு நனைச்சு அந்த மனுசியின்ரை யன்னலில கட்டினவா. மேல தண்ணி வரேல்லை எண்டு கீழ போய் வாளியில தூக்கினவா. லிப்ற் இல்லை அன்ரி. நான் வேலையால வந்து ஏசினனான். கேக்கேல்லை."

கிழவி பிழைத்துக்கொண்டாள். நீர் விழுந்து கிடந்ததைக் கண்டு, எழும்ப முடியாத அவள்தான் கத்திக் கத்தி ஆட்களைக் கூட்டினாளாம். ஆஸ்பத்திரியில் வைத்தியர் பெறாமகனிடம் கேட்ட முதல் கேள்வி, நீர் எத்தனையாம் மாடியில் இருந்தீர் என்பது. இரண்டாவது, கூரை தகரமா என்பது. பிறகு கொஞ்சமும் தயங்காமல் சாவின் காரணத்தைச் சொன்னாராம்: வெப்பம்.

தொலைபேசியை வைத்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். உம்மீதும் கோபம். மற்றவளுக்கு ஊற்றிய தண்ணீரில் ஒரு வாளியை உமது தலையில் ஊற்றினால் என்ன? ஆனால் பெரிய கோபம் அந்த ஒரு சொல்லின் மீது. சூசைமுத்துவுக்காக நீர் மேசையில் தட்டிக் கேட்டும் கிடைக்காத சொல். அதை அங்கே ஒருவர் கேட்காமலே தந்தார், உமக்கு. அதற்காக நான் ஆறுதல் அடைய வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தெரியவில்லை.

போர் முடிந்த பிறகு ஒருமுறை நெடுந்தீவுக்குப் போனேன். திரேசாவைத் தேடிப்பிடித்து உமது சாவைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "எழுதினது எதுவெண்டாலும் இருக்கட்டும் அக்கா. நான் என்ரை பிள்ளையளுக்கு, 'அப்பா வெயிலில வேலை செய்து செத்தவர், மிஸ்ஸி சொன்னவா' எண்டு சொல்லித்தான் வளத்தனான்." உமது கத்தல் ஒரு வீட்டிலாவது நிலைத்தது. நீர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பூமி சூடாகிறது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சென்ற மாதம் எங்கள் முதியோர் சங்கத்தை ஒரு கருத்தரங்குக்கு அழைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம், போர்வை இல்லாமல் இருக்க முடியவில்லை. சிவப்புச் சிவப்பாக வரைபடம் காட்டினார்கள். வெளியில் வந்தால், அந்த மண்டபத்தின் மதிலுக்குச் சிமெந்து பூசிக்கொண்டு உச்சி வெயிலில் ஆட்கள் நிற்கிறார்கள். உள்ளே பேசியவர்கள் அவர்களைத் தாண்டித்தான் வாகனத்துக்குப் போனார்கள்.

இன்று சாக்கைக் கட்டிவிட்டு இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் தார் காய்ச்சும் மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். வீதி போடுகிறார்கள். கொதிக்கிற தாருக்கும் கொதிக்கிற வானத்துக்கும் நடுவில் ஆட்கள் நிற்கிறார்கள். தலையில் துவாய், காலில் சாக்குத் துண்டு. மேற்பார்வை செய்யும் இளைஞன் மட்டும் வாகனத்துக்குள் இருந்தான். போனேன்.

"தம்பி, இந்த நேரத்தில இவையளைத் தாரோட நிக்க வைக்கலாமே? போனில அறிவித்தல் வந்தது காணேல்லையே?"

"அம்மா, சித்திரையில வெயில் எறிக்கும்தானே. வேலையை முடிக்கோணும். நீங்கள் உள்ளுக்க போங்கோ, உங்களுக்குத்தான் கூடாது."

"அப்ப நானும் இதில நிக்கிறன்."

நின்றேன். கால் சுட்டது. தலை சுற்றியது. ஒழுங்கைச் சனம் படலையடியில் வந்து பார்த்தது. கிழவிக்கு விசர் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த இளைஞன் வாகனத்தை விட்டு இறங்கினான், கெஞ்சினான், கடைசியில் பயந்தான்.

"அம்மா, விழுந்து கிழுந்து போடாதேங்கோ. பிறகு எனக்குத்தான் பிரச்சினை."

"அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன்."

அவன் விசில் அடித்தான். ஆட்கள் எதிர்வீட்டு வேம்பின் கீழே போய் இருந்தார்கள். வெயில் தாழும் மட்டும் வேலை இல்லை என்றான். ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. வேலை பிந்துகிறதே என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். மற்றவர்கள் போத்தலை வாங்கி வாங்கித் தண்ணீர் குடித்தார்கள். எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

உம்மை நினைத்து நான் அமைதி அடைந்தேன் என்று எழுதினால் அது பொய். உமது பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை, உமக்கு அது இருக்கவும் இல்லை. நீர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபத்தைத்தான். வயது போகப்போக மற்றதெல்லாம் என்னிடமிருந்து கழன்று விழுகிறது, முழங்கால் சொன்னதைக் கேட்பதில்லை, பெயர்கள் மறக்கின்றன. இது மட்டும் குறையவில்லை.

நான் படலையைச் சாத்தும்போது அந்த இளைஞன் பின்னால் வந்து கேட்டான்: "அம்மா, நாளைக்கும் வருவியளோ?"

"வெயில் வந்தா, நானும் வருவன்," என்றேன்.